இரண்டாவது பெயர்

பகல் ஒன்று பத்து. எழுநூற்றுத் தொண்ணூற்றாறாவது டயாலிசிஸ். பெயர் வெயிலுமுத்து. கோவில்பட்டி பஸ் நிலையத்தில் பத்தொன்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து வந்த நேரம், போன நேரம், வண்டி எண் என்று எழுதிப் பழகிய புத்தி, இடது கையில் இரண்டாவது ஊசியும் இறங்கிக் குழாய் சிவந்து எந்திரம் சுற்றத் தொடங்கியதும் இப்படித்தான் தனக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டது. நாலு மணி நேரம். ஐந்து பத்துக்கு முடியும். ஐந்து மணிக்குள் ரிசல்ட் வந்துவிடும் என்று கோஆர்டினேட்டர் மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார். அதாவது எந்திரம் நிற்பதற்குள் தெரிந்துவிடும், தெரிந்த பிறகும் ஒரு பத்து நிமிஷம் இந்தக் கட்டிலிலேயே குழாயோடு கிடக்க வேண்டும், அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் அவர் படுத்திருக்கிறார். முதல் மாடி ஐசியூவில், தீபாவளிக்கு மறுநாள் நாலுவழிச் சாலையில் பைக்கோடு விழுந்த இருபத்தாறு வயது ஆள் ஒருவன், மூளை செத்து, நெஞ்சு மட்டும் எந்திரத்தின் தயவில் ஏறி இறங்கக் கிடக்கிறான். வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு சிறுநீரகம் வேறு ஊருக்குப் போகிறது. இன்னொன்று இங்கிருக்கும் பட்டியலுக்கு. அதில் ஓ பாசிட்டிவ் வரிசையில் முதல் பெயர் ஜெசிந்தா, இரண்டாவது பெயர் வெயிலுமுத்து. விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பேருக்கும் போன் வந்தது, எட்டு மணிக்கு இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள், அந்த ரத்தம் கீழே கிடப்பவனின் ரத்தத்தோடு சண்டை போடுகிறதா என்று லேபில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெசிந்தாவுடையது சண்டை போடாவிட்டால் ஜெசிந்தாவுக்கு. போட்டால் அவருக்கு. இரண்டு பேருக்கும் திங்கள், புதன், வெள்ளி மதிய ஷிப்டுதான், ஐந்து வருஷமாக அடுத்தடுத்த கட்டில்தான். ஆபரேஷன் யாருக்கு என்றாலும் உடம்பில் நீர் தங்கியிருக்கக் கூடாது என்று இரண்டு பேரையும் வழக்கம்போல ஏற்றிவிட்டார்கள். நடுவில் ஒரு முழ இடைவெளி. அதற்குள் ஒரு எந்திரமும் ஒரு குப்பைக்கூடையும்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கிய? எனக்கு ஒத்துக்கிடக் கூடாதுன்னு வேண்டுதியளோ?" என்றாள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்தாறு, வாய் மட்டும் ஒருநாளும் டயாலிசிஸ் கேட்டதில்லை என்று சிஸ்டர் பவுலின் சொல்வாள். "சீ, என்ன பேச்சு பேசுத நீ" என்றார் இவர். "வேண்டுனா என்ன தப்பு? நீங்க முதல்லயும் நான் ரெண்டாவதாவும் இருந்தா நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே போயி வேண்டிருப்பேன். சும்மா சொல்லல அண்ணாச்சி, முட்டி போட்டே போயிருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள், அமுக்கிய இருமல் தோளைக் குலுக்கியது, அவள் கண் வார்டின் மறுகோடியில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம் போய்விட்டு இவரிடம் வந்தது. இவர் மேலே பார்த்தார். மின்விசிறி. மூன்று இறக்கை, ஒன்றின் நுனியில் ஒட்டடை. அந்த இருமல் மூன்று வாரமாக உண்டு. வறட்டு இருமல் இல்லை, அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வருகிற இருமல். அது அவருக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு அவள் உடம்பு கொதிப்பதும், ராத்திரி தலையணை நனைய வேர்ப்பதும், கழுத்தெலும்பு முன்பைவிட வெளியே வந்திருப்பதும் தெரியும். போன வாரம் அவளேதான் சொன்னாள். "சாயங்காலமானா ஒடம்பு கணகணங்கு அண்ணாச்சி. யார்ட்டயும் சொல்லிராதிய. சொன்னா திரும்ப லிஸ்டுலருந்து நிறுத்தி வச்சிருவாவ. போன தடவ மஞ்சக்காமாலைன்னு அஞ்சு மாசம் நிறுத்தி வச்சாவ, அந்த அஞ்சு மாசத்துல ரெண்டு கிட்னி என் கண்ணு முன்னால வந்து போச்சு." சொல்ல மாட்டேன் என்று இவர் தலையை ஆட்டினார். ஆட்டினதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. ஒன்றரை மணிக்கு அவள் வலது கை இடுப்புச் சேலை முடிச்சுக்குள் போய் காய்ச்சலுக்கான வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீரில்லாமல், எச்சிலைக் கூட்டி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே அவர் நினைத்தார், நான் சொல்லிக் கொடுத்தது. ஒன்றரைக்குப் போடு என்று சொன்னதும் நான்தான். ரெண்டு மணிக்குப் போட்டால் முதல் தெர்மாமீட்டருக்குத் தப்பாது, ஒரு மணிக்குப் போட்டால் இறங்கும்போது எடுக்கிறதற்குள் வீரியம் போய்விடும், ஒன்றரைக்கு ஒன்று போட்டால் அஞ்சு மணிவரைக்கும் தெர்மாமீட்டருக்கு நாம் நல்ல பிள்ளை. போன வருஷம் ஆடி மாசத்தில் அவருக்கே நாலு நாள் லேசான ஜுரம், அப்போது கண்டுபிடித்த வித்தை. ஏதோ பெரிய ஞானம்போல அதைப் போன வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்லி, அவள் "டைம் கீப்பர்னா டைம் கீப்பர்தான்" என்று சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனார். அவருக்கு வந்தது நாலு நாளில் போன ஜுரம். இவளுடையது மூன்று வாரம். சாயங்காலத்து ஜுரம், ராத்திரி வேர்வை, இருமல், இளைப்பு. பஸ் நிலையச் சுவரில் அரசாங்க விளம்பரம் ஒட்டியிருப்பார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று, அதற்குக் கீழேதான் பத்தொன்பது வருஷம் அவருடைய நாற்காலி கிடந்தது. மனசு அந்தச் சொல்லின் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியது. திரும்பவும் போனது. காசநோய். இருக்கட்டும், இருந்தால் என்ன, அது மாத்திரை சாப்பிட்டால் போகிற நோய், ஆறு மாசம், ஒன்பது மாசம். ஆனால் வேறொருவன் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, உடம்பின் காவலையே அடக்கிவைக்கிற மருந்தை ஆயுசு முழுக்கக் கொடுப்பார்கள். முதல் மூன்று மாசம் அதிகமாகக் கொடுப்பார்கள், முகக்கவசம் போட்டுத் தனி அறையில் வைப்பார்கள், வெளியே இருந்து கிருமி வரக் கூடாது என்று. உள்ளேயே உட்கார்ந்திருந்தால்? இதெல்லாம் கவுன்சிலிங்கில் படம் போட்டுச் சொன்னது. ஜெசிந்தாவும்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குத் தெரியாததா.

சொல்லிவிட்டால் முடிந்தது. சிஸ்டர், இந்தப் பொம்பளைக்கு மூணு வாரமாச் சாயங்காலம் காய்ச்சல். ஒரு வாக்கியம், பத்து விநாடி. ஆனால் இந்த வார்டில் யாரும் யாரையும் சொல்வதில்லை. அப்படி ஒரு பழக்கம் எப்போது யார் போட்டது என்று தெரியாது. எந்திரத்தில் ஏறும் முன் எடை பார்க்கும்போது, அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தவர்கள் சுவர்ப்பக்கம் முழங்கையை லேசாக ஊன்றிக்கொள்வார்கள், முள் ஒரு கிலோ குறைத்துக் காட்டும், வரிசையில் நிற்பவர்கள் அந்த நேரம் பார்த்துச் செருப்பைச் சரிசெய்வார்கள் அல்லது ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்ப்பார்கள். இவரும் ஊன்றியிருக்கிறார். தாகம் அப்படி. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று விதித்த பிறகு உலகத்தில் குழாய் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் காதில் விழுவதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் வழியில் இளநீர் குடித்துவிட்டு வந்ததைச் சிஸ்டரிடம் நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். இளநீர் இந்த நோயாளிக்கு நெஞ்சை நிறுத்திவிடும். ஆனாலும் ஒரு மாசம் அந்த மனுஷரோடு யாரும் பேசவில்லை, அவர் வந்தால் பேச்சு நின்றது, அவர் மனைவி கொண்டுவந்த சுண்டலை யாரும் தொடவில்லை, கடைசியில் அவரே காலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இளநீர் குடித்தவர் அதற்கடுத்த வருஷம் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மூச்சு முட்டிச் செத்தார். அந்தத் திங்கட்கிழமை எடை மெஷின் வரிசையில் இரண்டு பேர் முழங்கையை ஊன்றினார்கள். மற்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

உதடு ஒட்டிக்கொண்டது, நாக்கால் பிரித்தார். விடியற்காலை போன் வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கயத்தாறு தாண்டும்போது மனைவி பேச்சியம்மாள் பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பாமலே, "இந்தத் தடவ கெடைச்சிரும்" என்றாள். போன தடவையும் அதே இடத்தில்தான் சொன்னாள். இது மூன்றாவது அழைப்பு. முதல் தடவை அவர் நாலாவது பெயர், இரண்டாவது தடவை இரண்டாவது பெயர், இரண்டு தடவையும் மாலையில் மாற்றுத் துணிப் பையோடு புதுப் பஸ் நிலையத்தில் நின்று, ஒரு வாய் காபி குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள், அந்த ஒரு வாயோடு பேச்சியம்மாள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். பதிந்து நாலு வருஷம் எட்டு மாசம் ஆகிறது. பேச்சியம்மாள் தன்னுடையதைத் தர நின்றாள், அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். தம்பி தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றான், நாற்பத்திரண்டு வயது ஆள், டீ ஆறி ஆடை கட்டும்வரை அழுதான், அவனை இவர்தான் தட்டிக்கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார். அதன் பிறகு மிச்சம் இருந்தது முகம் தெரியாத ஆட்களின் சாவு மட்டும்தான். பேப்பரை எடுத்தால் விபத்துச் செய்தி. முதலில் ஊர், பிறகு வயது, பிறகு சம்பவ இடத்திலேயே பலி என்று இருந்தால் அடுத்த செய்திக்குத் தாண்டிவிடுவார். தீவிர சிகிச்சை என்று இருந்தால் நின்று படிப்பார். ஒரு தடவை ஹெல்மெட் கட்டாயம் என்று கோர்ட்டு சொன்ன செய்தியைப் படித்துவிட்டு மனசு சற்றுக் கீழே இறங்குவதைக் கண்டு பேப்பரை மடித்து வைத்தார். அதைப் பேச்சியம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. ஜெசிந்தாவிடம் சொன்னார். அவள், "எனக்கு மழை பெய்ஞ்சா அப்படித்தான் அண்ணாச்சி, ரோடு வழுக்குமேன்னு" என்றாள்.

இன்று காலை முதல் மாடி வராந்தாவில் ஒரு நடுவயதுப் பெண் சுவரில் சாய்ந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தாள். தாயாகத்தான் இருக்கும். மடியில் ஒரு ஜோடி ஷூ. யார் சிறுநீரகம் யாருக்கு என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி, ஆனாலும் படி ஏறும்போது அந்தக் கண் இவரைப் பார்த்தது, இவர் இடது கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த நரம்பு மூட்டையைப் பார்த்தது, இவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒருவன் மொத்தமாகப் போயிருக்கிறான். அவனிடமிருந்து மிஞ்சுகிற ஒன்றை, இருமலை அமுக்கிக்கொண்டிருக்கிற ஒரு உடம்புக்குள் வைத்துத் தைக்கப் போகிறார்கள். அது வீண். அதை வீணாக்குவது அந்தத் தாய்க்குச் செய்கிற துரோகம். இந்த வாதம் நன்றாக இருந்தது. அவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் வாலில் இன்னொன்று தொங்கிக்கொண்டு வந்தது. வீணாகாமல் எனக்குக் கொடுங்கள். அதை வெட்டிவிட்டு வாதத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. வெட்ட வெட்ட முளைத்தது. சரி, ஜெசிந்தாவுக்காகச் சொல்வது. அவள் சாகாமல் இருக்கச் சொல்வது. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பட்டியலுக்கு வரட்டும். இதிலும் அதே வால். எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் கடைசியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் வெயிலுமுத்துவாகவே இருந்தார். அப்படியானால் அது நியாயமாக இருக்க முடியாது. ஆசையைத்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆசை என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மனுஷனுக்கு அழகு. இந்த முடிவுக்கு வந்ததும் நெஞ்சில் ஒரு சுத்தம் தெரிந்தது, குளித்த மாதிரி. மூன்று நிமிஷம் இருந்தது. பிறகு பக்கத்தில் மறுபடி தோள் குலுங்கியது.

இரண்டு நாற்பது. சிஸ்டர் பவுலின் ஜெசிந்தாவின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்து, "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, ராசாத்தி" என்றாள். ராசாத்தி இவரைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சிமிட்டலில் இவருக்கும் பங்கு இருந்தது. காலையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பற்றிச் சிஸ்டரிடமே கேட்டுப் பார்த்தார், பொதுவாகக் கேட்பதுபோல. "ஒங்க ரெண்டு பேருக்கும் அடியில கொஞ்சம் நீர் இருக்கு, ஒங்க கூட்டத்துல யாருக்கு இல்ல? தீபாவளிக்கு என்னெல்லாம் குடிச்சியளோ" என்றாள். ரத்தத்தில் வெள்ளையணு? "அதும் கொஞ்சம் கூடத்தான், அதும் ஒங்க கூட்டத்துக்கு வழக்கந்தான். என்ன அண்ணாச்சி, டாக்டருக்குப் படிக்கப் போறியளா?" அப்படியானால் டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். எக்ஸ்ரே பார்த்து, ரத்தம் பார்த்து, படித்தவர்கள் சரி என்று சொன்ன பிறகு ஒரு டைம் கீப்பர் என்னத்தைச் சொல்வது. திடீரென்று டிரைவர் சங்கரபாண்டி ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இருக்கும், அன்று அதிகாலை மதுரை வண்டி, இரண்டு ஷிப்டு சேர்த்து ஓட்டிவிட்டுக் கண் கோவைப்பழமாக வந்து நின்றான், "எழுதிராத வெயிலு, வீட்ல கஷ்டம்" என்றான், இவர் ஒன்றும் எழுதாமல் நேரத்தைப் போட்டு அனுப்பினார். ஐம்பத்துச் சொச்சம் பேர் உள்ளே. எட்டு மணிவரை, சாத்தூர் போயிருக்கும், விருதுநகர் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு மதுரையிலிருந்து போன் வந்தது, வண்டி வந்து சேர்ந்தது, ஐந்து நிமிஷம் முன்னதாகவே. ஒன்றும் ஆகவில்லை. சொல்லாததால் ஒன்றும் ஆவதில்லை என்பது அன்றைக்கு அவர் உடம்புக்குள் போய் உட்கார்ந்தது. அது இன்றைக்கும் வேலை செய்தது.

மூன்றரை வாக்கில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, கயிறு முறுக்குவதுபோல ஒரு முறுக்கு, கட்டைவிரல் தானாக மேலே வளைந்தது, வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்துதான் வந்தது. "சிஸ்டர், அண்ணாச்சிக்குக் கால் பிடிச்சிட்டு, ஓடியாங்க, மெஷின கொஞ்சம் குறைங்க!" பவுலின் ஓடிவந்து பாதத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நிமிர்த்தினாள், உப்புத் தண்ணீர் ஏற்றினாள், பிரஷர் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது, கண்ணுக்குள் மஞ்சள் பொட்டுகள் பறந்தன. "கண்ண மூடாதிய அண்ணாச்சி, எங்கூடப் பேசுங்க" என்றாள் ஜெசிந்தா. "என்னத்தப் பேச?" "என்னத்தயாச்சும். என் மவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் சொல்லுங்க. பதினொன்னுல சயின்ஸ் குரூப் எடுக்கணுங்கா. எனக்கு மாத்தி வச்சாச்சுன்னா அவ பரீட்சைக்கு நான் காலைல எந்திச்சு காபி போட்டுக் குடுத்திருவேன். இந்த ஆறு வருஷமும் அவதான் எனக்குப் போட்டுக் குடுக்கா." கால் மெல்ல விட்டது. வலி போன இடத்தில் ஒரு குழி மாதிரி இருந்தது. அதில் கிடந்தபடி அவர் அவளை வெறுத்தார். தெளிவாக, கொஞ்ச நேரம். மாற்றி வைத்தாச்சுன்னா என்று அவள் சொன்ன நிச்சயத்தை, சிமிட்டிய கண்ணை, அவள் மகளின் காபியை. எனக்கும்தான் பேச்சியம்மாள் இருக்கிறாள், வராந்தா பெஞ்சில் மாற்றுத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கும் ஐம்பத்தொன்றுதான். இன்னும் எத்தனை எழுநூறு. ஒரு வாக்கியம்தானே. உடனே முதலிலிருந்து எல்லாம் திரும்ப ஆரம்பித்தது, தாய், ஷூ, வால், தலைமையாசிரியர், யாரும் தொடாத சுண்டல்.

அந்தச் சுண்டலில்தான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு இடறியது. சொல்லி, அவளை இறக்கிவிட்டு, இவர் தியேட்டருக்குப் போனால், இந்த வார்டு என்ன சொல்லும் என்பது இவருக்கு எழுத்துக்கு எழுத்துக் கேட்டது. காட்டிக்கொடுத்து வாங்கிட்டான்யா. மருந்துக்கு மாசாமாசம் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும், இதே மாடிப்படி, இதே ஆட்கள். தூத்துக்குடியில் அவள் வீட்டுக்காரன் சேவியர், உப்பளத்தில் வேலை, பேசவே தெரியாத மனுஷன், அவன் வந்து எதிரே நின்றால்? பேச்சியம்மாள் கேட்டால்? ஜெசிந்தா உயிரைக் காப்பாத்தத்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். யார் நம்புவார்கள். நானே நம்பவில்லையே. இதற்கு ஒரே வழி, தனக்குக் கிடைக்காது என்று உறுதியான பிறகு சொல்வது. அதாவது தன் ரத்தம் சண்டை போட்டிருந்தால், தான் கழிந்துபோயிருந்தால், அப்போது சொன்னால் சுத்தம், அப்போது யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இதை நினைத்ததும் பெரிய பாரம் இறங்கியது. தனக்கு ஒத்துப்போகக் கூடாது என்று வெயிலுமுத்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். நாலு வருஷம் எட்டு மாசத்தில் முதல் தடவையாக அப்படி வேண்டினார், வேண்டும்போதே அது பொய் வேண்டுதல் என்று தெரிந்தது, நாக்கு ஒன்றைச் சொல்ல வயிறு இன்னொன்றைக் கேட்டது.

நாலு ஐம்பதுக்கு டாக்டர் வந்தார், பின்னால் கோஆர்டினேட்டர் மேடம், கையில் தாள். எந்திரங்களின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. "ரெண்டு பேருக்கும் நல்ல செய்திதான்" என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்குமே மேட்ச் ஆகுது. ஆனா இருக்கிறது ஒண்ணுதான். வரிசைப்படி ஜெசிந்தா. வெயிலுமுத்து, நீங்க அவங்க உள்ள போறவரைக்கும் ரெடியா இருக்கணும், சரியா? எதுவும் சாப்பிட வேண்டாம்." ஜெசிந்தா நெஞ்சில் சிலுவை போட்டாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், எல்லாரிடமும் கேட்கிற வரிசையில்தான். காய்ச்சல் உண்டா. "இல்ல டாக்டர்." சளி, இருமல்? "இல்ல டாக்டர்." புண், பல்வலி, நீர்க்கடுப்பு? "நீரே போறதில்ல, கடுப்பு எங்கருந்து வரும்" என்றாள், மேடம் சிரித்துவிட்டார், டாக்டரும் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே இவர் பக்கம் திரும்பி, "என்ன வெயிலுமுத்து, நீங்கதான் வாரத்துக்கு மூணு நாள் பக்கத்துலயே படுத்திருக்கீங்க. இந்தம்மா எங்ககிட்ட எதையும் மறைக்கலையே?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு நின்றார், தாளிலிருந்து கண்ணை எடுத்து நின்றார். பவுலின் ஊசிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வார்டில் இருந்த ஒன்பது பேரும் மின்விசிறியை, ஜன்னலை, தங்கள் தங்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா இவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் இருக்கும் என்று நினைத்தார், இல்லை, பயம்கூட இல்லை, இவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்த கண். மேல் உதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அஞ்சு மணி ஆகப் போகிறது, மாத்திரையின் நேரம் முடியப் போகிறது, இன்னும் அரைமணி நேரம் இவர் வாயை மூடிக்கொண்டு தாமதித்தால்கூட அந்த உடம்பே சொல்லிவிடும் என்று ஒரு கணக்கு மின்னி மறைந்தது. "சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க, நல்லதுக்குத்தான்" என்றார் டாக்டர், இன்னும் சிரிப்பு மாறாமல். வெயிலுமுத்து உதட்டைப் பிரித்தார். ஒட்டியிருந்தது, பிரியும்போது தோல் உரிந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். "அவ நல்லா இருக்கா."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார் கோஆர்டினேட்டர் மேடம், அவர் தோளைத் தொட்டு. அந்த வார்த்தை உள்ளே இறங்கி, தித்திப்பாக, வெட்கமில்லாமல் பரவியது. இதற்காகத்தானா என்று ஒரு நினைப்பு எழுந்தது. கெட்டவன் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தானா. அதை அவர் முடிக்கவிடவில்லை. ஜெசிந்தாவை எந்திரத்திலிருந்து பிரித்து, பச்சை உடை மாட்டி, தள்ளு கட்டிலுக்கு மாற்றினார்கள். பிரிக்கும்போது பவுலின் அவள் நெற்றியில் கை வைத்து, "என்ன பிள்ள, லேசாச் சுடுது" என்றாள். "பயத்துல சிஸ்டர், உங்களக் கொண்டு போனா உங்களுக்கும் சுடும்" என்றாள் ஜெசிந்தா. "ஆமாமா" என்று பவுலின் கட்டிலைத் தள்ளினாள். வாசலில் நின்றிருந்த சேவியர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். தாண்டிப் போகும்போது ஜெசிந்தா கையை நீட்டி இவர் வலது கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது, லேசாக அல்ல. "அடுத்தது ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றாள். அந்தச் சூடு தன் உள்ளங்கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று, மணியைப் பார்த்துக்கொண்டு, அவர் கவனித்தார். ஐந்து பத்துக்கு எந்திரம் நின்றது. ஊசி பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு இருபதுக்கு, தியேட்டரில் ஆரம்பித்துவிட்டார்கள், நீங்கள் போகலாம் என்று மேடம் போன் செய்தார். பேச்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

2019 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஜெசிந்தா அதே ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் இறந்தாள். நுரையீரலில் இருந்த காசநோய் மூளைக்குப் பரவியிருந்தது. மாற்றி வைத்த சிறுநீரகம் அன்று காலைவரை வேலை செய்தது.